எப்ரோ பள்ளத்தாக்கில் வாடகை சைக்கிள் எடுக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

ஸ்பெயினில், எப்ரோ ஆற்றுப் பள்ளத்தாக்கின் பழைய ரயில் பாதையில் சைக்கிள் பயணம் போக நினைப்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். கடந்த மே மாதம் நானும் என் அக்காவும் அங்கே நன்றாக ஏமாற்றப்பட்டோம். பணம் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். இருட்டுச் சுரங்கத்துக்குள் அக்கா விழுந்து கிடந்ததை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: பாதையின் மேல் ஒரு குற்றமும் இல்லை. சரகோசா பக்கத்தையும் மத்தியதரைக் கடலையும் இணைப்பதற்காகப் போடத் தொடங்கிய ரயில் பாதை அது. கடற்கரை வரை அது போய்ச் சேரவே இல்லை, தொர்தோசா என்ற ஊரோடு நின்றது. உள்நாட்டுப் போரில் தோற்ற பக்கத்துக் கைதிகளை வைத்து வேலை வாங்கித்தான் அதன் கடைசிப் பகுதியை முடித்தார்கள். 1973-இல் ஒரு சுரங்கம் இடிந்ததோடு ரயில் நின்றுபோனது. இப்போது தண்டவாளங்களை எடுத்துவிட்டு, நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் மட்டும் என்று விட்டிருக்கிறார்கள். ஆர்னெஸ்-லெதோ ஸ்டேஷனிலிருந்து தொர்தோசா வரை ஏறக்குறைய 49 கிலோமீட்டர். ரயில் ஏறிய பாதை என்பதால் செங்குத்தான மேடு கிடையாது. பெரும்பாலும் மெல்லிய இறக்கம்தான். பைன் மரக் காடு, பாதாம் தோட்டம், கனலெடெஸ் ஆற்றின் குறுகலான பள்ளம், அதைத் தாண்டும் உயரமான பாலங்கள், கடைசியில் அகலமாக விரியும் எப்ரோ.

அக்காவுக்கு வயது 54. கோயம்புத்தூரில் லாரிகளுக்குப் பயந்து சைக்கிளை விட்டு இருபது ஆண்டுகள் ஆகின்றன. நான் வேலை செய்யும் பார்சலோனாவுக்கு முதல்முறையாக வந்திருந்தார். "ஒரு காரும் வராத ரோடாடா? அப்படியென்றால் நானும் ஓட்டுகிறேன்" என்று குழந்தை மாதிரி கேட்டார். அந்த ஆசைக்காகத்தான் போனோம்.

ஒரு வாடகை நிறுவனத்தில் இணையம் வழியாகப் பதிவு செய்தேன். தொர்தோசாவிலிருந்து வேனில் மேலே ஆர்னெஸ் வரை கொண்டுபோய் விடுவார்கள். நாம் ஓட்டிக்கொண்டு கீழே வரவேண்டும். வேனும் சைக்கிளும் சேர்த்து இருவருக்கும் 130 யூரோ. அது போக, 300 யூரோவை டெபாசிட்டாக என் கார்டில் பிடித்து வைத்தார்கள்.

வேன் ஆர்னெஸுக்குப் போகவில்லை. நடுவழியில் போட் என்ற ஊர் ஸ்டேஷனிலேயே நிறுத்தி, மேலே சாலை வேலை நடக்கிறது, வண்டி போகாது என்றார் ஓட்டுநர். அப்போது ஆர்னெஸ் பக்கமிருந்து சைக்கிளில் வந்த ஒரு தம்பதியிடம் பிறகு கேட்டேன். காலையில்தான் அந்தச் சாலையில் காரில் வந்ததாகவும், எந்த வேலையும் நடக்கவில்லை என்றும் சொன்னார்கள். ஆக, காசு கொடுத்த பாதையில் கால்வாசி அங்கேயே போய்விட்டது. அதோடு ஓர்தா தெ சான் ஜுவானும் போய்விட்டது. இளைஞராக இருந்தபோது 1898-இலும், பிறகு 1909-இலும் பிக்காசோ வந்து தங்கிய மலையூர் அது. அக்கா ஓவிய ஆசிரியர். அவர் பார்க்க விரும்பிய ஒரே ஊர் அதுதான்.

இங்கேதான் இவர்களின் வித்தை இருக்கிறது. தொர்தோசா கடையில் சைக்கிளை நம் கையில் தரமாட்டார்கள். அது ஏற்கெனவே டிரெய்லரில் கட்டியிருக்கும். முதன்முதலாக நாம் சைக்கிளைத் தொடுவதே ஆள் நடமாட்டமில்லாத மலை ஸ்டேஷனில். வேனின் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது. ஓட்டுநர் கைப்பேசியை நீட்டி, திரையில் விரலால் கையெழுத்துப் போடச் சொல்கிறார். "சைக்கிளை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்று அதில் எழுதியிருந்தது. எனக்கு ஸ்பானிய மொழி தெரியும், படித்தேன், ஆனாலும் போட்டேன். போடாவிட்டால் சைக்கிளைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போய்விடுவாரோ என்ற பயம். நான் செய்த பெரிய தவறு இதுதான்.

வேன் மறைந்து பத்து நிமிடத்தில், அக்காவின் பின்சக்கரத்திலிருந்து சரக், சரக் என்று ஒரே சீராகச் சத்தம் வந்தது. இறங்கித் தூக்கிச் சுற்றிப் பார்த்தேன். சக்கரத்தில் நல்ல கோட்டம். பின் பிரேக் கட்டையின் ரப்பர் ஒரு பக்கம் சாய்வாகத் தேய்ந்து, உள்ளே இருக்கும் இரும்பு எட்டிப் பார்த்தது. அப்படிச் சாய்வாகத் தேய வேண்டுமானால் அந்தக் கோட்டத்தோடு சைக்கிள் பல வாரங்கள் ஓடியிருக்க வேண்டும். முன்விளக்கை அழுத்தினால் எரியவில்லை. நிறுவனத்துக்கு நான்கு முறை அழைத்தேன். யாரும் எடுக்கவில்லை.

திரும்பிப் போயிருக்கலாம். அக்காதான் மெதுவாகப் போகலாம் என்றார்.

போட் ஊருக்கும் அடுத்து வரும் பினெல் தெ பிராய் ஊருக்கும் இடையில்தான் சுரங்கங்கள் அடுத்தடுத்து வருகின்றன. எல்லாவற்றிலும் விளக்கு கிடையாது. சில வளைந்து போவதால், பாதி தூரம் உள்ளே போனதும் நுழைந்த பக்க வெளிச்சமும் மறைந்துவிடும், வெளியேறும் பக்கமும் தெரியாது. நான் கைப்பேசி விளக்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனேன். எதிரே ஒரு சைக்கிள் மணியடித்தது. அக்கா பயந்துபோய் வலது கைப் பிரேக்கை அழுத்தினார்; நிற்கவில்லை. உடனே இடது கையை இறுக்கிப் பிடித்தார். நம் ஊரில் வலது கைதான் முன்பிரேக். ஐரோப்பாவில் பெரும்பாலும் இடது கைப் பிரேக்தான் முன்சக்கரத்துக்கு. இதை அக்காவிடம் ஓட்டுநரும் சொல்லவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. முன்சக்கரம் அப்படியே நின்றது. அக்கா ஹேண்டில்பாரோடு இடப்பக்கம் சரிந்தார். இருட்டில் முதலில் சத்தம் மட்டும்தான் கேட்டது. பிறகு, "ஒன்றும் இல்லைடா, கண்ணாடியைத் தேடு" என்ற குரல்.

உள்ளங்கை தோல் உரிந்து, முட்டியில் ரத்தம். எதிரே வந்த பெண்மணி தன் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். சுரங்கத்துக்கு வெளியே வந்ததும் காயத்தைக் கழுவிக் கட்டும் போட்டுவிட்டார். அவருக்கு எங்கள் நன்றி. எஞ்சிய சுரங்கங்களை எல்லாம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தே கடந்தோம்.

தொர்தோசா வந்தபோது பார்சலோனா ரயிலுக்கு இருபது நிமிடம்தான் இருந்தது. கடையில் வேறொருவர் இருந்தார். நேராக அக்காவின் சைக்கிளுக்கு வந்து, தலைகீழாக நிறுத்தி, பின்சக்கரத்தை மட்டும் சுற்றினார். முன்சக்கரத்தைத் தொடவே இல்லை. எங்கே குறை என்று தேடவேண்டிய அவசியம் அவருக்கு இருக்கவில்லை. கோட்டம் விழுந்திருக்கிறது, புதுச் சக்கரமும் வேலைக்கூலியும் சேர்த்து 290 யூரோ என்றார். கட்டோடு நிற்கும் அக்காவின் கையைக் காட்டி, "விழுந்திருக்கிறீர்கள் அல்லவா" என்று வேறு கேட்டார். ரயிலை விடக்கூடாது என்று ஓடினோம். மறுநாள் கார்டில் 290 போயிருந்தது.

எங்களைக் காப்பாற்றியது ஒரு புகைப்படம். போட் ஸ்டேஷன் நடைமேடையில், வேன் கிளம்பும் முன் அக்காவை சைக்கிளோடு நிற்க வைத்து எடுத்திருந்தேன். பெரிதாக்கிப் பார்த்தால் பின்சக்கரத்தில் ஒரு கம்பி அறுந்து, பக்கத்துக் கம்பியில் சுற்றிவிடப்பட்டிருப்பது தெரிகிறது. அறுந்த முனையில் துருகூட ஏறியிருக்கிறது. படத்தில் நேரமும் இருக்கிறது.

ஸ்பெயினில் எந்தக் கடையிலும் அதிகாரப்பூர்வப் புகார்ப் படிவம் இருந்தாக வேண்டும். கேட்டால் கொடுத்தாக வேண்டும். "ஓஹாஸ் தெ ரெக்லமாசியோனெஸ்" என்று கேளுங்கள். அந்த மாலை அவசரத்தில் நான் கேட்காமல் வந்துவிட்டேன். அடுத்த சனிக்கிழமை இதற்காகவே மறுபடி ரயிலேறிப் போய்க் கேட்டேன். முதலில் தீர்ந்துவிட்டது என்றார்கள். போலீஸை அழைக்கிறேன் என்றதும் இழுப்பறையிலிருந்து வந்தது. தொர்தோசா இருக்கும் கட்டலோனியா பகுதியில் ஒரு மாதத்துக்குள் பதில் தரவேண்டும் என்பது சட்டம். பதில் வரவில்லை. புகாரின் நகலையும் படத்தையும் வங்கிக்கு அனுப்பி, அந்தத் தொகையை மறுத்தேன். ஒன்பது வாரம் கழித்து 290 திரும்பி வந்தது. 130 வரவில்லை.

அங்கே போகிறவர்கள் சைக்கிளைக் கடை வாசலிலேயே இறக்கித் தரச் சொல்லுங்கள். சக்கரங்களைச் சுற்றி, பிரேக்கைப் பிடித்து, விளக்கைப் போட்டுப் பார்த்து, வீடியோ எடுத்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். முடியாது என்று சொல்லும் கடையில் எடுக்காதீர்கள். தலையில் மாட்டும் விளக்கு ஒன்று உங்களுடையதாகவே இருக்கட்டும்.

அக்காவுக்குக் கொடுத்த சைக்கிள் பச்சை நிறம். பின் மட்கார்டில் கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கும், மணியில் மூடி கிடையாது. அது இன்னும் வாடகைக்கு ஓடிக்கொண்டிருக்கும் என்றே நினைக்கிறேன். உங்கள் கைக்கு வந்தால் வாங்காதீர்கள்.