உறைந்த மரவள்ளிக்கிழங்கு பாக்கெட்: ஏழு மாதக் குழந்தைக்காக வாங்கினேன்

தோல் சீவி, துண்டு போட்டு உறையவைத்த மரவள்ளிக்கிழங்கு, ஒரு கிலோ பாக்கெட். மகளுக்கு ஏழு மாதம் முடிந்ததும் வாங்கினேன். வாங்குவதற்கு முன் நிறைய யோசித்தேன். பச்சை மரவள்ளியில் லினமாரின் என்ற பொருள் இருக்கிறது. கிழங்கை வெட்டும்போதும் நசுக்கும்போதும் அதிலிருந்து சயனைடு உண்டாகிறது. பெரியவர்கள் தாங்கிக்கொள்ளும் அளவு, ஏழெட்டுக் கிலோ எடையுள்ள குழந்தைக்கு அதிகமாகிவிடலாம்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். இந்த நச்சு சதையைவிடத் தோலில்தான் அதிகம். பாக்கெட்டில் உள்தோல்கூட ஒட்டாமல் சுத்தமாகச் சீவியிருந்தார்கள். பறித்த இரண்டு மூன்று நாளிலேயே கிழங்குக்குள் கருநீலக் கோடுகள் ஓடத் தொடங்கும். அப்படி ஒரு துண்டுகூட இல்லை.

குறை உறையில் இருக்கிறது. 'வேகவைத்துச் சாப்பிடவும்' என்று ஒரே வரி. எவ்வளவு தண்ணீர், எவ்வளவு நேரம், வெந்த நீரை என்ன செய்வது, எதுவும் இல்லை. உறையவைத்ததால் மட்டும் நச்சு போய்விடாது. நான் துண்டுகளை இன்னும் சிறியதாக நறுக்கி, ஐந்து மடங்கு தண்ணீரில், மூடி போடாமல், அரைமணி நேரத்துக்கு மேல் குழைய வேகவைத்தேன். நச்சு அந்த நீரில் இறங்கும், அதனால் முழுவதையும் கொட்டிவிட்டேன். மசிக்க ஒரு கரண்டிகூட எடுத்து வைக்க வேண்டாம்.

அப்புறம் நடு நரம்பு. இதில்தான் எனக்கு உண்மையான கோபம். பாதித் துண்டுகளில் அதை எடுக்கவே இல்லை. எவ்வளவு வெந்தாலும் அது நார்தான், குழந்தையின் தொண்டையில் சிக்கும். ஒவ்வொரு துண்டையும் பிளந்து உருவி எடுத்தேன்.

மசித்தால் பசை மாதிரி ஒட்டும். தாய்ப்பால் விட்டுத் தளர்த்தி, காலையில் ஒரு டீஸ்பூன் மட்டும் கொடுத்தேன். மூன்று நாள் வேறு புது உணவு எதுவும் தரவில்லை. ரப்பர் ஒவ்வாமை உள்ளவர்கள் சிலருக்கு மரவள்ளியும் ஒத்துக்கொள்ளாது. குடும்பத்தில் அப்படி யாராவது இருந்தால் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

இதில் மாவுச்சத்துதான் பிரதானம், புரதமும் இரும்புச்சத்தும் சொற்பம். அதனால் மகளுக்கு ஏற்கெனவே பழகிய பருப்பை மசித்துச் சேர்த்தேன். இரண்டாவது பாக்கெட்டும் வாங்கிவிட்டேன். இப்போது நறுக்கும்போதே நரம்பை எடுத்துவிடுகிறேன்.