பல் கோணிய அணிலுக்கு எது: சிரிஞ்ச் பாலா, கட்டித்தீவனக் கூழா?

அமெரிக்கச் சாம்பல் அணிலின் முன்பற்கள் வாழ்நாள் முழுக்க வளரும். கோணிப்போய் ஒன்றோடொன்று உரசாவிட்டால் வளைந்து அண்ணத்தையே குத்தும். இப்படிப்பட்ட அணிலைக் காட்டில் விட முடியாது. கால்நடை மருத்துவர் அவ்வப்போது பல்லைச் சீராக்கித் தருவார். சரி, வீட்டில் எதைக் கொடுப்பது?

நாய்க்குட்டிகளுக்கான பால்பவுடரைக் கரைத்து சிரிஞ்சில் தருவது எளிது. இளைத்துப்போன அணிலும் குடித்துவிடும். பசும்பால் மட்டும் வேண்டாம், வயிற்றால் போகும். ஒரு மில்லி சிரிஞ்ச் போதும். அணிலை நிமிர்த்திப் பிடித்துச் சொட்டுச் சொட்டாகத்தான் விட வேண்டும். அவசரப்பட்டு அழுத்தினால் பால் நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரும். வளர்ந்த அணிலுக்கு இது முழு உணவும் ஆகாது.

கொறிக்கும் பிராணிகளுக்கான கட்டித்தீவனத்தைப் பொடித்து வெந்நீரில் ஊறவைத்துக் கூழாக்குவது கொஞ்சம் வேலைதான். முதலில் முகர்ந்துவிட்டு ஓடும். பொடித்த பீக்கன் கொட்டையைச் சிட்டிகை தூவினால் திரும்பி வரும் (அணிலுக்கும் லஞ்சம் உண்டு). மிஞ்சியதைச் சில மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள், புளித்துவிடும். கூழின் பெரிய பலம் கால்சியம். மென்மையாக இருக்கிறதே என்று வேர்க்கடலை விழுதையும் சோளத்தையும் மட்டும் ஊட்டினால் பாஸ்பரஸ் மிஞ்சி, கால்சியம் குறைந்து, எலும்பு பலவீனமாகும். பின்னங்கால் இழுக்கும், வலிப்பும் வரலாம்.

என் கணக்கில் தினசரிக்குக் கூழ். பல் சீராக்கிய அன்று வாய் வலிக்கும், அப்போது சிரிஞ்ச். சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை எடை பாருங்கள். தொடர்ந்து இறங்கினால் மருத்துவரிடம் போக வேண்டியதுதான்.