பக்கிங்ஹாம் அரண்மனையின் கோடைத் திறப்பு: நுழைவுச்சீட்டு வாங்கிப் பார்த்த முடியாட்சி

லண்டன் பக்கிங்ஹாம் அரண்மனையின் 19 அரச அறைகள் கோடைதோறும் ஏறத்தாழ பத்து வாரங்கள் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்படுகின்றன. இந்த நகரத்தில் பல ஆண்டுகளாக வாழ்ந்தும் அந்த வாயிலைத் தாண்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றியதில்லை. 2023 ஆகஸ்டில், மூன்றாம் சார்லஸ் அரசருடைய முடிசூட்டு விழாவின் ஆடைகள் நடன மண்டபத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தபோதுதான், பதினேழு வயது மகளை அழைத்துக்கொண்டு முதன்முறையாகப் போனேன்.

அவள் விருப்பமில்லாமல்தான் வந்தாள், அதில் வியப்பில்லை. 2022 ஜூனில் எலிசபெத் அரசியின் 70 ஆண்டு ஆட்சி விழா, செப்டம்பரில் அவருடைய இறுதிச் சடங்கு, 2023 மே 6 அன்று மூன்றாம் சார்லஸின் முடிசூட்டு என்று பதினொரு மாதங்களுக்குள் மூன்று முறை இந்த நாடு தெருக்களை அடைத்து விடுமுறை அறிவித்தது. அதே காலத்தில், 2022 அக்டோபரில், பணவீக்கம் 41 ஆண்டுகளில் காணாத உயரமாக 11.1 விழுக்காட்டைத் தொட்டது. வீட்டைச் சூடேற்றலாமா, மாதக் கடைசிவரை பணம் வருமா என்று குடும்பங்கள் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தன. முடிசூட்டுக்கு முந்தைய மாதம் யூகவ் நிறுவனம் நடத்திய கருத்துக்கணிப்பில், அந்த விழாவில் அதிக அக்கறை இல்லை அல்லது அக்கறையே இல்லை என்றவர்கள் 64 விழுக்காடு. 18 முதல் 24 வயதுக்குள் இருப்பவர்களில் முடியாட்சி வேண்டும் என்றவர்கள் 32 விழுக்காடுதான்; தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் வேண்டும் என்றவர்கள் 38 விழுக்காடு. அரசு பின்னர் வெளியிட்ட கணக்கின்படி இறுதிச் சடங்குக்கு ஏறத்தாழ 16.2 கோடி பவுண்டும் முடிசூட்டுக்கு 7.2 கோடி பவுண்டும் செலவாகியிருந்தன. இந்தச் சலிப்பை வெறுப்பு என்று நான் நினைக்கவில்லை. தடுப்பு வேலிக்கு வெளியே நின்று, தன் பணத்தில் நடக்கும் விழாவைத் தானே வேடிக்கை பார்க்கும் நிலை திரும்பத் திரும்ப வரும்போது மனிதருக்கு உண்டாகும் அயர்ச்சி அது.

அந்த அயர்ச்சி முன்பும் ஒருமுறை வந்தது. இன்று நாம் வாங்கும் நுழைவுச்சீட்டே அதிலிருந்துதான் பிறந்தது. 1992 நவம்பர் 20 அன்று அரச குடும்பத்தின் இன்னொரு இல்லமான வின்ட்சர் கோட்டை தீப்பற்றி நூற்றுக்கு மேற்பட்ட அறைகள் பாழாயின. சீரமைப்புச் செலவை அரசு ஏற்கும் என்று அமைச்சர் பீட்டர் புரூக் அறிவித்ததும், பொருளாதார மந்தத்தில் வேலை இழந்து நின்ற மக்களிடமிருந்து எழுந்த எதிர்ப்பை அரண்மனை எதிர்பார்த்திருக்கவில்லை. அரசி வருமான வரி செலுத்த ஒப்புக்கொண்டதும், 1993 ஆகஸ்டில் எட்டு பவுண்டு கட்டணத்தில் பக்கிங்ஹாம் அரண்மனை முதன்முறையாகத் திறக்கப்பட்டதும் அதன் பிறகுதான். வின்ட்சரைச் சீரமைக்க ஆன 3.65 கோடி பவுண்டில் பெரும்பகுதி அந்த நுழைவுக் கட்டண வருமானத்திலிருந்தே வந்தது. மக்கள் கேட்ட கேள்விக்கு அரச குடும்பம் அறிக்கையால் அல்லாமல் கதவைத் திறந்து பதில் சொன்ன அரிய தருணமாக அதை மதிக்கிறேன். இந்தக் கோடைத் திறப்பை எடைபோடும் அளவுகோலாகவும் அதையே வைத்துக்கொள்கிறேன்.

அந்த அளவுகோலில் அறைகள் மிக நன்றாகவே நிற்கின்றன. ஒலி வழிகாட்டிக் கருவி கட்டணத்திலேயே அடங்கும், யாரும் அவசரப்படுத்துவதில்லை, நம் வேகத்தில் நின்று நின்று நடக்கலாம். கட்டடக் கலைஞர் ஜான் நாஷ் வடித்த பெரும் படிக்கட்டில் ஏறும்போதே இதைக் கட்டிய கதையும் நினைவில் கொள்ளத்தக்கது. நான்காம் ஜார்ஜ் அரசருக்காக 1820களில் அவர் தொடங்கிய வேலையின் செலவு மதிப்பீட்டைத் தாண்டி ஏறிக்கொண்டே போனது. அரசர் 1830இல் இறந்ததும் நாஷ் நீக்கப்பட்டு, எட்வர்ட் புளோர் என்பவர் வேலையை முடித்தார். அரச ஆடம்பரத்தின் செலவைப் பற்றிய சர்ச்சை இந்தச் சுவர்கள் எழும்பும்போதே உடன் எழுந்ததுதான்.

அரியணை மண்டபம் எனக்கு எதிர்பார்த்த அளவு பெரிதாகத் தோன்றவில்லை. ஓவியக் கூடத்தைப் பற்றியும் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஓவியம் தெரிந்தவர்கள் அதற்கென்றே தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்குவார்கள். வெள்ளை வரவேற்பறையில்தான் நாங்கள் நெடுநேரம் நின்றோம். அங்கே ஒரு பெரிய கண்ணாடியும் அதன் கீழுள்ள அலமாரியும் சேர்ந்து ஒரு மறைகதவாகத் திறக்கும். விருந்தினர் கூடியபின் அரச குடும்பத்தார் தம் தனியறைகளிலிருந்து அதன் வழியாக வருவார்கள். அந்தக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தபடி மகள் கேட்டாள்: “ராஜா இங்க குடியிருக்கிறதே இல்லைன்னு சொன்னீங்களே அப்பா, அப்போ மீதி மாசமெல்லாம் ஏன் பூட்டி வெச்சிருக்காங்க?”

அரசர் கிளாரன்ஸ் மாளிகையில் வசிக்கிறார் என்பது உண்மை. அரச விருது வழங்கும் விழாக்களும் அரச விருந்துகளும் வரவேற்புகளும் நடக்கும் அலுவல் இடம் இது, ஆகையால் முழு ஆண்டும் திறக்க இயலாது என்று அரண்மனை சொல்லும் காரணத்தை அவளிடம் சொன்னேன். தேர்ந்தெடுத்த சில நாட்களில் குளிர்காலத்திலும் வழிகாட்டியுடன் சிறு குழுக்களுக்கு அனுமதி உண்டு என்றும் சொன்னேன். ஆனால் 2017 முதல் பத்தாண்டுகளுக்கு இந்தக் கட்டடத்தின் மின்கம்பிகளையும் குழாய்களையும் மாற்றும் பணிக்கு ஒதுக்கப்பட்டிருக்கும் 36.9 கோடி பவுண்டு மக்கள் பணம். முடியாட்சியின் அலுவல் செலவுக்கு அரசு ஆண்டுதோறும் தரும் அரச மானியம் 2024–25இல் 8.63 கோடி பவுண்டாக இருந்து அடுத்த ஆண்டில் 13.21 கோடியாக உயர்ந்ததற்கும் இந்தப் பணியே முக்கியக் காரணமாகக் காட்டப்பட்டது. அத்தனை பணம் கொடுத்தவர்களுக்குப் பத்து வாரம் போதாது என்று நானும் உறுதியாக நினைக்கிறேன்.

நடன மண்டபத்தின் ஆடைக் காட்சி என் கருத்தைச் சற்று மாற்றியது. தொலைக்காட்சியில் முடிசூட்டு நாளில் தொலைவாகவும் கனமாகவும் தெரிந்த ஊதா வெல்வெட் அங்கி, 1937இல் ஆறாம் ஜார்ஜ் அணிந்ததைப் பழுதுபார்த்து மீண்டும் பயன்படுத்தியது என்பதை அருகே நின்று பார்த்தபோதுதான் மனம் ஏற்றுக்கொண்டது. கமிலா அரசியின் புதிய அங்கியில் அரச தையற்கலைப் பள்ளியின் கைவினைஞர்கள் பூக்களோடு தேனீயையும் வண்டையும் பொன்னிழையால் பின்னியிருந்தார்கள். மகள் கண்ணாடியருகே குனிந்து தையல் தையலாகப் பார்த்தாள். முடிசூட்டின் மூன்று மணி நேர நேரலையை ஐந்தாவது நிமிடத்தில் அணைத்த அதே பெண்தான் அவள். விழாவாகக் காட்டியபோது திரும்பிப் பார்க்காதவர்கள், கைவினையாகவும் வரலாறாகவும் அருகில் காட்டினால் நின்று பார்க்கிறார்கள்.

அரண்மனையின் கிழக்குப் பகுதி 2024 கோடையில் முதன்முறையாகப் பார்வையாளர்களுக்குத் திறக்கப்பட்டது. பெரியவர்களுக்கான சீட்டு அப்போது 75 பவுண்டாக இருந்தது. விரைவாகவே விற்றுத் தீர்ந்தது. விக்டோரியா அரசி பிரைட்டன் நகரிலிருந்த அரச மாளிகையை அந்நகரத்துக்கே 53,000 பவுண்டுக்கு விற்று, அந்தப் பணத்தையும் சேர்த்து எழுப்பிய பகுதி அது; 1851 முதல் அரச குடும்பம் மக்கள் முன் தோன்றிவரும் உப்பரிகை அங்கேதான் இருக்கிறது. பார்வையாளர்கள் அதன் பின்னுள்ள அறைவரை வந்து சன்னல் வழியே சாலையைப் பார்க்கலாம். உப்பரிகையில் கால் வைக்க முடியாது. பெரியவர்கள் நால்வருக்கு 300 பவுண்டு என்பது பெரும் தொகை. முடியாட்சியின் மீது பற்றில்லாத இளைஞர்கள் உள்ளே வர வேண்டும் என்று அரண்மனை விரும்பினால், பள்ளிப் பிள்ளைகளுக்கு முதலில் திறக்க வேண்டிய பகுதி இதுதான்.

போகிறவர்களுக்கு: இரண்டரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். சீட்டை முன்கூட்டியே வாங்கினால் கட்டணம் சற்றுக் குறைவு. நுழையும்போது விமான நிலையம் போன்ற சோதனை உண்டு. பெரிய பைகளைத் தவிருங்கள். வெளியேறும் வழி பின்புறத் தோட்டத்தின் ஓரமாக நெடுந்தூரம் போகிறது. முதியவர்களை அழைத்துப் போனால், புல்வெளியைப் பார்த்தபடி இருக்கும் தேநீர்க் கூடாரத்தில் உட்கார வைத்துவிட்டுப் பிறகு நடக்கலாம். நாங்களும் அங்கே உட்கார்ந்தோம். கட்டடத்தின் சீரமைப்பு வேலை முடிந்து எல்லா அறைகளும் திறந்தால் மறுபடி வரலாமா என்று கேட்டேன். தன் தோழிகளையும் கூட்டிவருவதாக மகள் சொன்னாள்.