ஜிப்சிக்குப் பழைய ஈசிஎம்மா, புது ஈசிஎம்மா?

என் மாருதி ஜிப்சி ஜீப்புக்குள் பெலினோ காரின் 1.6 எஞ்சினை இறக்கி ஒன்றரை வருடம் ஆகிறது. அஸ்தம்பட்டியில் டீ குடிக்க நிறுத்தினால்கூட யாராவது வந்து "கம்ப்யூட்டர் எது போட்டீங்க?" என்று, எஞ்சினை நடத்துகிற ஈசிஎம் பெட்டியைப் பற்றிக் கேட்கிறார்கள். சரி, எழுதியே விடுகிறேன்.

என் முன்னால் இருந்தது இரண்டு வழி. 1999-ல் வந்த பழைய பெலினோவின் ஜி16பி எஞ்சினும் அதன் ஈசிஎம்மும் ஒன்று. 2007-ல் வந்த மாருதி எஸ்எக்ஸ்4 காரின் எம்16ஏ எஞ்சினும் அதன் ஈசிஎம்மும் இன்னொன்று. 1,590 சிசி, 1,586 சிசி, அதில் பேச ஒன்றுமில்லை. எம்16ஏ-வில் டைமிங் பெல்ட்டுக்குப் பதில் செயின், இழுவையும் கூடுதல். ஜி16பி ஜிப்சி கியர்பாக்ஸில் நேராக உட்காரும். நான் வண்டி ஏற்றுகிற ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், மேலே போகப் போகக் காற்று மெலியும். அதற்கேற்பப் பெட்ரோலைக் குறைப்பதை இரண்டுமே ஒழுங்காகச் செய்யும், கார்புரேட்டர் வண்டி மாதிரி கரும்புகை கக்காது. எதைப் போட்டாலும் ஆர்.டி.ஓ. அனுமதியை முன்கூட்டியே வாங்கி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும்.

நான் பழையதை எடுத்ததற்குக் காரணம் ஒன்றுதான், வழியில் நின்றுபோனால் நானே பார்த்துக்கொள்ள முடியுமா என்பது.

புது ஈசிஎம் தனியாக வராது, குடும்பத்தோடுதான் வரும். சாவிக்குள் சிப், அதைப் படிக்கிற பெட்டி, ஈசிஎம், மூன்றும் ஒரே வண்டியிலிருந்து வந்தால்தான் ஸ்டார்ட் ஆகும். இன்னும் பிந்தைய வண்டிகள் என்றால் ஆக்சிலேட்டர் கேபிளே கிடையாது, மிதியையும் த்ராட்டிலையும் ஜோடியாகத் தூக்கி வர வேண்டும், ஏபிஎஸ் பிரேக், மீட்டர் என்று எல்லோரோடும் அந்த ஈசிஎம் பேசிக்கொண்டே இருக்கும், ஒருவர் பதில் சொல்லாவிட்டாலும் செக் லைட்டைப் போட்டுவிடும். சிப் தொல்லையை நீக்கித் தருகிறவர்கள் இருக்கிறார்கள்தான், ஆனால் மலையில் நிற்கிறபோது அவர்கள் நம் பக்கத்தில் இருக்க மாட்டார்களே.

போன ஐப்பசி மழையில் ஏற்காடு ரோட்டின் பதினான்காவது கொண்டை ஊசி வளைவில் என் வண்டி திணறி நின்றது. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, கோளாறு பார்க்கிற டயக்னோஸ்டிக் கப்ளரில் (வயர்கள் சேர்கிற சாக்கெட்) ஒரு துண்டு வயரைக் கொடுத்து எர்த் செய்தேன். செக் லைட் மினுக்க ஆரம்பித்தது. பழைய சுசுகியில் ஒன்று, சின்ன இடைவெளி, இரண்டு என்று மினுக்கினால் கோளாறு இல்லை என்று அர்த்தம். எனக்கு வந்தது இரண்டு, அப்புறம் ஒன்று. அதாவது 21, த்ராட்டில் சென்சார். அந்த சென்சாரின் கப்ளருக்குள் தண்ணீர். பிடுங்கி, சட்டை நுனியால் துடைத்து, ஊதிச் செருகினேன், கிளம்பியது. ஸ்கேனரும் கிடையாது, போனில் சிக்னலும் கிடையாது.

புதியதைப் பற்றி நான் ஒரேயடியாகத் தீர்ப்புச் சொல்ல முடியாது. அதைப் போட்ட நண்பனின் வண்டியை இரண்டு தடவை குப்பனூர் வழியாக மலைக்கு ஓட்டியதோடு சரி. மூன்றாவது கியரிலேயே வளைவுகளில் ஏறியது, பொறாமையாகத்தான் இருந்தது. சின்ன ஸ்கேனரைச் செருகினால் சென்சார் அளவெல்லாம் போனில் ஓடுகிறது. சேலத்துக்குள்ளும் பைபாஸிலும் மட்டும் ஓட்டுகிறவர் என்றால் அதையே எடுங்கள், நான் தடுக்கவில்லை.

பழையதற்கும் ஒரு வியாதி உண்டு. இருபது வருடத்துக்கு மேலான ஈசிஎம்முக்குள் கெபாசிட்டர் கசிந்து போர்டை அரித்துவிடும். வாங்கும்போதே மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள், மீன் வாடை மாதிரி அடித்தால் வேண்டாம். மேலே 33920 என்று தொடங்கும் எண் இருக்கும், அது எஞ்சின் வந்த வண்டியோடு பொருந்துகிறதா என்று கேளுங்கள். முக்கியமாக வயரிங்கை முழுசாக, கப்ளரோடு வாங்குங்கள். எனக்கு விற்ற பழைய சாமான் கடைக்காரர் அவசரத்தில் கத்தியால் அறுத்துக் கொடுத்துவிட்டார். அறுபது சொச்சம் வயரை நிறம் பார்த்து ஒட்டவே எனக்கும் அடிவாரத்து மெக்கானிக் அண்ணனுக்கும் மூன்று ஞாயிற்றுக்கிழமை போனது.