லைவ்கிளியர் பூனை உணவு: மூன்று வாரத்தில் முடிவு கட்டாதீர்கள்

பூனை அலர்ஜிக்கு முடிதான் காரணம் என்று நினைத்து, பாவம், பூனைக்கு முடி வெட்டிவிடுகிறவர்கள் உண்டு. உண்மையில் தும்மலையும் கண் அரிப்பையும் கிளப்புவது ஃபெல் டி 1 என்ற புரதம். பூனையின் எச்சிலிலும் தோல் சுரப்பிகளிலும் அது ஊறுகிறது. உடம்பை நக்கும்போது முடியில் ஒட்டி, காய்ந்து, தோல் செதிலோடு உதிர்கிறது. பூனை சோபாவிலிருந்து குதிக்கும்போது ஜன்னல் வெயிலில் எழும்புகிறதே தூசி, அதில் இதுவும் இருக்கிறது.

2020இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ப்யூரினா நிறுவனத்தின் புரோ பிளான் லைவ்கிளியர் இந்தப் புரதத்தை எச்சிலிலேயே மடக்கப் பார்க்கிறது. எபனேசர் சத்யராஜ் தலைமையிலான ஆய்வுக் குழு உருவாக்கிய உலர் உணவு இது. ஃபெல் டி 1க்கு எதிரான ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்) கொண்ட கோழிமுட்டைப் பொடியை மேலே பூசியிருக்கிறார்கள். பூனை மெல்லும்போது ஆன்டிபாடி அந்தப் புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. புரதம் ஊறுவது நிற்பதில்லை. அதனால் தினமும் கொடுத்தாக வேண்டும்.

நிறுவனமே 105 பூனைகளை வைத்து 10 வாரம் நடத்திய ஆய்வில், மூன்றாவது வாரத்திலிருந்து முடியில் இருந்த வீரியமுள்ள ஃபெல் டி 1 சராசரியாக 47% குறைந்தது. இது சராசரிதான், எல்லாப் பூனைக்கும் ஒரே அளவில் குறையவில்லை.

பழைய உணவோடு கால், அரை, முக்கால் என்று கலந்து 7 முதல் 10 நாளில் முழுதாக மாற்றுங்கள். மூன்று வாரக் கணக்கை முழுதாக மாறிய நாளிலிருந்துதான் தொடங்க வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். ஒரு வேளை லைவ்கிளியர், ஒரு வேளை மீன் சோறு என்றால் பூச்சு பாதிதான் உள்ளே போகும். சூடான பாலை ஊற்றி ஊறவைத்தால் ஆன்டிபாடி கெட்டுவிடக்கூடும், அதுவும் புரதம்தானே. வீட்டில் மூன்று பூனை இருந்தால் மூன்றுக்கும் இதையே வையுங்கள்.

இன்னொன்று, மெத்தையிலும் சோபாவிலும் ஏற்கெனவே படிந்த ஃபெல் டி 1ஐ இந்த உணவு தொடவே தொடாது. பூனையை வீட்டை விட்டே அனுப்பிய பிறகும் தூசியில் அளவு இறங்க 20 முதல் 24 வாரம் ஆனதை 1989இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே மூன்றாவது வாரம் முடிந்ததும் போர்வை, தலையணை உறை, திரைச்சீலை எல்லாவற்றையும் துவையுங்கள். சோபாவையும் மெத்தையையும் நுண்தூசியைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள வாக்குவம் கிளீனரால் மெதுவாக, இரண்டு முறை இழுங்கள். வாரா வாரம் இதைத் தொடர்ந்து, ஆறாவது வாரத்தில் தும்மலைக் கணக்குப் பாருங்கள். அதற்கு முன் "வேலை செய்யவில்லை" என்று பையைத் தூக்கிப் போடுவது அவசரம்.

லேசான தும்மல், மூக்கொழுகல் உள்ள வீட்டுக்குத் தாராளமாக வாங்கலாம். மூச்சிரைப்பு வருகிறவர்கள் இதை நம்பி இன்ஹேலரைக் குறைக்கவே கூடாது; டாக்டர் சொன்ன மருந்து அப்படியே தொடரட்டும். முட்டை ஒத்துக்கொள்ளாத பூனைக்கு வேண்டாம். நாய் அலர்ஜிக்கு இதனால் பயனில்லை. கருத்தடை செய்யாத கடுவன் இருந்தால் முதல் செலவை அதற்குச் செய்யுங்கள்: கருத்தடைக்குப் பின் கடுவன்களிடம் ஃபெல் டி 1 குறைகிறது, அது ஒரே தடவைச் செலவு.