எல்லாக் காலத்துக்குமான புள்ளிப் பட்டியல்: இங்கிலாந்து லீக் வரலாற்றுச் செயலி ஒன்றின் மதிப்பீடு

இங்கிலாந்துக் கால்பந்துக் கழகங்களை அவற்றின் ஒட்டுமொத்த லீக் வரலாற்றை வைத்து ஒப்பிட்டுக் காட்டும் செயலி ஒன்றின் கட்டணப் பதிப்பைச் சில காலமாகப் பயன்படுத்தி வருகிறேன். இந்த வகையில் செயலிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவற்றுள் பெரும்பாலானவை, 1992இல் இன்றைய முதல்நிலைப் பிரிவான பிரீமியர் லீக் வந்த பிறகுதான் இங்கிலாந்தில் கால்பந்தே ஆடத் தொடங்கினார்கள் என்பதைப் போலக் கணக்கு வைத்திருக்கின்றன. இந்தச் செயலி, பன்னிரண்டு கழகங்களோடு 1888இல் தொடங்கிய முதல் பருவத்திலிருந்தே ஆரம்பிக்கிறது. 1921 முதல் 1958 வரை வடக்கு, தெற்கு என்று பிரிந்து கிடந்த மூன்றாம் பிரிவையும் விட்டுவிடாமல் நான்கு நிலைகளையும் தருகிறது.

திறந்தவுடன் வருவது முதல்நிலைப் பிரிவின் மொத்தப் புள்ளிகள். லிவர்பூல், ஆர்சனல், எவர்ட்டன், மான்செஸ்டர் யுனைடெட் ஆகியவை முன்வரிசையில் நிற்கின்றன. பார்ப்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்த வரிசை, உண்மையில் யார் சிறந்தவர் என்பதைவிட யார் அதிக காலம் மேலே தங்கியிருந்தார் என்பதையே அளக்கிறது. எவர்ட்டன் தொடங்கிய நாள் முதல் நான்கு பருவங்கள் மட்டுமே முதல்நிலைக்கு வெளியே கழித்த கழகம். ஆர்சனல் 1919 முதல் ஒருமுறைகூடக் கீழ்ப்பிரிவுக்குத் தரமிறங்கியதில்லை. மான்செஸ்டர் யுனைடெட் லிவர்பூலைப் போலவே 20 பட்டங்கள் வென்றிருந்தும், இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் இரண்டாம் பிரிவுக்கும் முதல் பிரிவுக்குமாக அலைந்ததால் மொத்தக் கணக்கில் பின்தங்குகிறது. முகப்பில் இந்த ஒரே எண்ணை எந்த விளக்கமும் இன்றி வைத்திருப்பது இந்தச் செயலியின் பலவீனம். நல்லவேளையாக, அதன் உண்மையான பலம் ஒரு தட்டல் உள்ளே இருக்கிறது.

அங்கே விதிகளை நாமே மாற்றிக்கொள்ளலாம். 1981 வரை வெற்றிக்கு இரண்டு புள்ளிகள், அதற்குப் பிறகு மூன்று என்பதால், பழைய கழகங்களின் சாதனைகளை அப்படியே கூட்டினால் அவற்றுக்கு அநீதி நேரும். எல்லாப் பருவங்களையும் மூன்று புள்ளிக் கணக்குக்குக் கொண்டுவந்து, போட்டிக்கு எத்தனை புள்ளிகள் என்று வகுத்துப் பார்க்கும் வசதி இதில் உண்டு. முதல் பருவத்தில் பிரெஸ்டன் நார்த் எண்ட் 22 போட்டிகளில் 18 வெற்றி, 4 சமன் என்று தோல்வியே காணாமல் 40 புள்ளிகள் எடுத்தது. மூன்று புள்ளிக் கணக்கில் அது 58, போட்டிக்கு 2.64. மான்செஸ்டர் சிட்டி 100 புள்ளிகள் குவித்த 2017-18 பருவத்தின் சராசரி 2.63. நூற்றாண்டுக்கும் மேற்பட்ட இடைவெளியில் இரண்டு அணிகளும் இவ்வளவு நெருங்கி நிற்பதை வேறெந்தச் செயலியும் எனக்குக் காட்டியதில்லை. ஆயினும், சமனுக்கு அரை வெற்றியின் மதிப்பு இருந்த காலத்தில் அணிகள் சமனுக்காகவே ஆடியதும் உண்டு என்பதால், இந்த மாற்றுக் கணக்கைத் தீர்ப்பாக அல்ல, ஒரு துணைச் சான்றாகவே கொள்ள வேண்டும்.

சமப்புள்ளிகளைப் பிரிக்கும் விதிக்குத் தனி விசை கொடுத்திருப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த அம்சம். 1976 வரை அடித்த கோல்களை வாங்கிய கோல்களால் வகுக்கும் கோல் சராசரி முறையே வழக்கில் இருந்தது. கோல் வித்தியாசம் அதற்குப் பின்னர் வந்தது. 1923-24 பருவத்தைத் திறந்து பாருங்கள். ஹடர்ஸ்ஃபீல்ட் டவுனும் கார்டிஃப் சிட்டியும் தலா 57 புள்ளிகள். ஹடர்ஸ்ஃபீல்ட் 60 கோல் அடித்து 33 வாங்கியது. கார்டிஃப் 61 அடித்து 34 வாங்கியது. சராசரியில் மயிரிழையில் முந்திய ஹடர்ஸ்ஃபீல்ட் பட்டம் வென்று, அடுத்த இரண்டு ஆண்டுகளும் அதைத் தக்கவைத்தது. விசையைக் கோல் வித்தியாசத்துக்கு மாற்றினால் இருவருக்கும் 27 என்று சமமாகி, அதிக கோல் அடித்த கார்டிஃப் மேலேறிவிடுகிறது. பிறகு மூன்று புள்ளி விதியையும் சேர்த்து இயக்கினால், ஒரு வெற்றி அதிகம் பெற்றிருந்த ஹடர்ஸ்ஃபீல்ட் 80-க்கு 79 என்று மறுபடி முதலிடம் பிடிக்கிறது. கடைசி நாளில் பர்மிங்காமுடன் கோலின்றிச் சமன் செய்த ஆட்டத்தில் கார்டிஃபின் லென் டேவிஸ் பெனால்டியைத் தவறவிட்டார் என்ற குறிப்பையும் அருகிலேயே தந்திருக்கிறார்கள். இரண்டு விசைகளையும் ஒன்றாகக் கட்டிவைத்திருந்தால் இந்தக் கதை முழுவதும் மறைந்துபோயிருக்கும்.

அடித்த கோல்களைக் கொண்டு வரிசைப்படுத்துவதும் சுவையானதே. 1937-38இல் மற்றெல்லா அணிகளையும்விட அதிகமாக 80 கோல் அடித்த மான்செஸ்டர் சிட்டி, நடப்புச் சாம்பியனாக இருந்தபடியே தரமிறங்கியது. வரிசையின் உச்சியிலும் தரமிறங்குவோரைக் காட்டும் சிவப்புப் பட்டைக்குள்ளும் ஒரே பெயர் தெரிவதைக் கண்டு செயலியில் பிழை என்று நினைத்துவிட வேண்டாம்.

கழகங்களின் அடையாளத்தைக் கையாளும் இடத்தில் தரம் சீராக இல்லை. நியூட்டன் ஹீத் 1902இல் மான்செஸ்டர் யுனைடெட் ஆனது போன்ற பெயர் மாற்றங்களைச் சரியாக இணைத்திருக்கிறார்கள். 1919இல் லீட்ஸ் சிட்டி பாதியில் வெளியேற்றப்பட்டு, அதன் எஞ்சிய ஆட்டங்களைப் போர்ட் வேல் ஏற்றுக்கொண்டதற்குத் தெளிவான அடிக்குறிப்பு இருக்கிறது. வேறு ஊருக்கு இடம்பெயர்ந்து மில்டன் கீன்ஸ் என்று பெயர் மாறிய விம்பிள்டனின் பழைய கணக்கைப் புதிய அணியோடு ஒட்டாமல் தனியே வைத்ததும் சரியான முடிவு; மில்டன் கீன்ஸ் கழகமே 2007இல் பழைய பெருமைகளுக்கு உரிமை கோருவதைக் கைவிட்டது. இவ்வளவு கவனமாக இருந்தவர்கள், லீக்கைத் தோற்றுவித்த பன்னிருவரில் ஒன்றான அக்ரிங்டனையும், அதனோடு தொடர்பே இல்லாத அக்ரிங்டன் ஸ்டான்லியையும் ஒரே கழகமாகச் சேர்த்திருப்பது மன்னிக்கத்தக்கதல்ல. சுட்டிக்காட்டி எழுதினேன், நன்றி தெரிவித்துப் பதில் வந்தது, திருத்தம் வரவில்லை.

புள்ளிக் குறைப்புகளுக்கும் ஒரு விசை வைத்திருக்கலாம். பிளாக்பர்னுக்கு எதிரான ஆட்டத்துக்குச் செல்லாததால் மூன்று புள்ளிகளை இழந்த மிடில்ஸ்பரோ 1996-97இல் தரமிறங்கியது. அந்த மூன்றும் இருந்திருந்தால் தப்பியிருக்கும். களத்தில் ஈட்டியது எவ்வளவு, குழு அறையில் இழந்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க இதில் வழியில்லை. மூன்று ஆட்டங்களோடு போரால் கைவிடப்பட்ட 1939-40 பருவத்தை மொத்தத்தில் சேர்க்காதது முறையானது.

முதல்நிலைக் கழகங்களை மட்டும் பின்தொடர்பவர்களுக்கு இலவசப் பதிப்பே போதும். விதி விசைகளுக்காகவும் கீழ்நிலைப் பிரிவுகளுக்காகவும் மட்டும் கட்டணம் செலுத்தலாம். ஆனால் நான்காம் நிலைக்குக் கீழே இந்தச் செயலிக்கு உலகமே இல்லை. நாட்ஸ் கவுண்டி 2019இல் லீக்கிலிருந்து விழுந்து 2023இல் திரும்பியது; திரும்பிய பருவத்தில் 107 புள்ளிகள் எடுத்தும் 111 எடுத்த ரெக்ஸமுக்குப் பின்னால் இரண்டாம் இடமே பெற்று, மேலேறும் எஞ்சிய இடத்துக்கான பிளே-ஆஃப் ஆட்டங்கள் வழியாகத்தான் மேலேற முடிந்தது. அந்த நான்கு பருவங்களும் இதன் வரைபடத்தில் விட்டுவிட்டு வரைந்த ஒரு கோடு மட்டுமே.