பழவேற்காடு ஒருநாள் பயணம்: படகை விடுங்கள், ஊருக்குள் நடங்கள்

வடசென்னையில் இருந்து ஒரே நாளில் போய்வர ஊர் சொல்லச் சொன்னால் முதலில் வரும் பெயர், ஏரிக்கும் கடலுக்கும் பக்கத்தில் இருக்கும் பழவேற்காடு. போய்வந்தவர்களைக் கேட்டால் பாதிப் பேர் 'அங்க என்ன இருக்கு, வெயில்தான் இருக்கு' என்பார்கள். அவர்கள் சொல்வது பொய்யில்லை. ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குக் காரில் போய் இறங்கி, படகு எங்கே என்று விசாரித்து, கடற்கரையில் அரை மணி நேரம் வெந்துவிட்டுத் திரும்பினால் வேறெப்படி இருக்கும்? இந்த ஊரில் பார்க்க வேண்டியவற்றில் முக்கால்வாசி கடைத்தெருவில் இருந்து நடக்கிற தூரத்தில் இருக்கின்றன. அவற்றைக் காலை ஏழரைக்கும் பத்தரைக்கும் நடுவில் பார்த்துவிட வேண்டும். அப்படிப் போனால் சென்னையைச் சுற்றி இதற்கு இணையான சின்ன ஊர் வேறு இல்லை.

போகும் வழியில் சிறந்தது ரயில்தான். சென்ட்ரலை ஒட்டிய மூர்மார்க்கெட் வளாகத்தில் இருந்து கிளம்பும் கும்மிடிப்பூண்டி மார்க்க மின்சார ரயில் கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர், மீஞ்சூர் வழியாகப் பொன்னேரி போய்ச்சேர ஏறக்குறைய ஒரு மணி நேரம். மெட்ரோ பக்கம் இருப்பவர்கள் விம்கோ நகரில் இறங்கி, அடுத்தே உள்ள ரயில் நிலையத்துக்கு மாறிக்கொள்ளலாம். பலகையில் கும்மிடிப்பூண்டி அல்லது சூளூர்பேட்டை என்று போட்டிருக்கிறதா பார்த்து ஏறுங்கள். எண்ணூரோடு நின்றுவிடும் வண்டியில் ஏறிவிட்டால் நடுவழியில் காத்துக் கிடக்க வேண்டும். பொன்னேரி ஸ்டேஷனில் இருந்து பேருந்து நிலையத்துக்கு ஷேர் ஆட்டோ, அங்கிருந்து பழவேற்காட்டுக்குப் பேருந்தில் முக்கால் மணி நேரம். இறங்கியதும் முதல் வேலை, திரும்பும் பேருந்துகளின் நேரத்தை நடத்துநரிடமே கேட்டுக்கொள்வது. மதியத்துக்கு மேல் இடைவெளி கூடும்.

பைக்கில் போகிறவர்களுக்குத் திருவொற்றியூரில் இருந்து 45 கிலோமீட்டர் முன்பின் வரும். மணலி புதுநகர், நாப்பாளையம், மீஞ்சூர், பொன்னேரி என்று டிபிபி (திருவொற்றியூர்–பொன்னேரி–பஞ்செட்டி) சாலையையே பிடித்துப் போகலாம். இந்த வழியின் தொல்லை தூரம் அல்ல, டிரெய்லர் லாரி. துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் வண்டிகள் வரிசைகட்டி நின்றுவிட்டால் மீஞ்சூர் தாண்டுவதற்குள் பொழுது போய்விடும். ஏழு மணிக்கு முன்பே மீஞ்சூரைக் கடந்துவிடுங்கள். அத்திப்பட்டு பக்கம் அனல்மின் நிலையச் சாம்பல் காற்றில் வரும், ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டே ஓட்டுங்கள். காட்டுப்பள்ளி வழியாகக் கடலோரமாகவே வரும் சாலையை மேப் குறுக்குவழியாகக் காட்டும். கடல் அரிப்பில் அடிக்கடி சேதமாகும் சாலை அது. குடும்பத்தோடு போகிறவர்களுக்குச் சிபாரிசு செய்ய மாட்டோம்.

ஊருக்குள் முதலில் பார்க்க வேண்டியது டச்சுக் கல்லறைத் தோட்டம். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது, நுழைவுச் சீட்டு இல்லை. கதவு பூட்டியிருந்தால் திரும்பிவிடாதீர்கள். அக்கம்பக்கத்துக் கடையில் கேட்டால் காவலரைக் கூப்பிட்டுவிடுவார்கள். உள்ளே ஓடுவதற்கு முன் வாசலிலேயே ஐந்து நிமிடம் நில்லுங்கள். இருபுறமும் கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள், ஒன்றின் தலைமேல் மணற்கடிகாரம். விலா எலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாக எண்ணிப் பார்க்கிற மாதிரி செதுக்கியிருக்கிறார்கள்.

உள்ளே கல்லறைகள் மேல் படுத்திருக்கும் கருங்கல் பலகைகள்தான் இந்த இடத்தின் செல்வம். டச்சு எழுத்து, குடும்பச் சின்னம், சுற்றிலும் பூவேலை. பலகை ஒன்றில் பழைய கோட்டையின் உருவத்தையே செதுக்கியிருக்கிறார்கள். எழுத்தைப் படிக்கவோ படம் எடுக்கவோ வேண்டுமானால் ஒன்பது மணிக்குள் போக வேண்டும். சாய்ந்த வெயிலில் ஒவ்வொரு எழுத்தின் ஓரத்திலும் நிழல் விழுந்து தெளிவாகத் தெரியும். உச்சிவெயிலில் அதே கல் வெறும் சாம்பல் பலகைதான். சுண்ணாம்பையோ பவுடரையோ தேய்த்து எழுத்தை எடுப்பாக்கிப் படம் எடுக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. தயவுசெய்து வேண்டாம். கல்லின் நுண்துளைகளில் தங்கி உப்புக்காற்றோடு சேர்ந்து மேல்தோலை உரித்துவிடும். கல்லறை மேல் ஏறி நின்று செல்ஃபி எடுப்பதும் அப்படித்தான். எத்தனை நூற்றாண்டு ஆனாலும் புதைத்த இடம் புதைத்த இடம்.

கோட்டையைத் தேடிப் போகிறவர்கள் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும். 1613-ல் டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி கட்டிமுடித்த கெல்டிரியா கோட்டை, சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடமாக 1690 வரை இருந்தது. பிறகு தலைமை நாகப்பட்டினத்துக்கு மாறியது. 1825-ல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. இன்று கண்ணில் படுவது அகழியும், சீமைக்கருவேலம் மூடிய மேடும், அங்கங்கே செங்கல் சிதறலும். முழுக்கால் சட்டையும் ஷூவும் இல்லாமல் புதருக்குள் இறங்காதீர்கள், பாம்பு உண்டு. ஆனாலும் அகழிக் கரையில் நின்று ஒன்றை நினைத்துப் பார்க்கத்தான் வேண்டும். இங்கிருந்து கப்பலேறியது கட்டம் போட்ட கைலித் துணி மட்டும் அல்ல. பஞ்ச காலங்களில் விலைக்கு வாங்கப்பட்ட தமிழ், தெலுங்கு மக்களும் அடிமைகளாக இங்கிருந்து பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) போனார்கள். அதைச் சொல்கிற ஒரு பலகைகூட இங்கே இல்லாதது இந்த ஊரின் பெரிய குறை.

மற்ற இடங்களை ஒரே சுற்றில் முடிக்கலாம். ஆதிநாராயணப் பெருமாள் கோயில் செம்புராங்கல்லில் கட்டியது. விரல் நீளச் சிற்பங்களில் இராமாயணக் காட்சிகள் இருக்கின்றன, அவசரமாகப் போனால் கண்ணில் படாது. சின்னப் பள்ளிவாசலில் சூரியக் கடிகாரம் உண்டு. தொழுகை நேரம் தவிர்த்து, அனுமதி கேட்டுப் பாருங்கள். மகிமை மாதா கோயில் போர்ச்சுகீசியர் காலத்தில், 1515-ல் தொடங்கியதாகச் சொல்கிறார்கள், இப்போதைய கட்டடம் புதிது. மூன்றையும் பார்க்க ஒன்றரை மணி நேரம் தாராளம். பனை ஓலையில் பெட்டி முடைவது இங்குள்ள பெண்களின் கைத்தொழில். மூடியின் விளிம்பில் ஓலை இரட்டையாக மடித்து முடைந்திருக்கிறதா பாருங்கள். ஒற்றை ஓலை என்றால் சீக்கிரம் பிரியும்.

இனி படகு. கடைத்தெருவில் நிற்கும்போதே யாராவது வந்து 'முகத்துவாரம் வரைக்கும் போலாமா சார், தலைக்கு இவ்ளோ' என்பார்கள். போகாதீர்கள். 2011 டிசம்பர் 25 அன்று இங்கே படகு கவிழ்ந்து, சுற்றிப்பார்க்க வந்தவர்களில் 22 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு உல்லாசப் படகு சவாரிக்குத் தடை வந்தது. ஏரியைப் பார்த்தால் பயமே வராது, அதுதான் ஆபத்து. பெரும்பாலான இடத்தில் இடுப்பளவுத் தண்ணீர், அலை இல்லை. முகத்துவாரத்தில் கதை வேறு. வடியும் நேரத்தில் ஏரி முழுவதன் நீரும் அந்த ஒரு வாய் வழியாகக் கடலுக்கு இழுக்கும், எதிரே கடல் அலை வந்து முட்டும். இரண்டும் மோதுகிற இடத்தில் அலை திடீரென்று செங்குத்தாக எழும். அடியில் மணல்திட்டு வேறு மாதத்துக்கு மாதம் இடம் மாறும். மீன் பிடிக்கப் போகிறவர்களுக்கு அந்தத் தண்ணீரின் போக்கு தெரியும், அவர்கள் படகு வலைக்கும் நாலு ஆளுக்கும் செய்தது. அதில் லைஃப் ஜாக்கெட் இல்லாமல் பத்துப் பதினைந்து பேர் ஏறி, படம் எடுக்க ஒரே பக்கம் எழுந்து நின்றால் எந்த மீனவராலும் காப்பாற்ற முடியாது. 'எல்லாரும்தான் போறாங்க' என்பது பதில் அல்ல.

ஏரியைப் பார்க்கப் பாலமே போதும். ஊரையும் கலங்கரை விளக்கம் இருக்கும் கடற்கரைப் பக்கத்தையும் இணைக்கும் பாலத்தில் நின்றால் படகுகள் கரை சேருவதும், தண்ணீரில் நட்ட கழிகளில் வலை கட்டியிருப்பதும் தெரியும். எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை கட்டலாம் என்பதை ஊர்க்காரர்களே முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு 'பாடு' என்று பெயர், தலைமுறைகளாக நடக்கிறது. பாலத்துக்கு அப்பால் உள்ள கடற்கரை அகலமானது, அழகானது, நிழல் கிடையாது. குளிக்க வேண்டாம், கரை சட்டென்று ஆழமாகும்.

பூநாரையைப் பார்க்கவே வருகிறவர்களுக்கு: கடைத்தெருப் பக்கம் அவை தென்படுவது அபூர்வம். பொன்னேரி–பழவேற்காடு சாலையில் இருந்து வடக்கே பிரியும் கிளைச் சாலையில் அண்ணாமலைச்சேரி போக வேண்டும். நல்ல காலம் டிசம்பர் கடைசி முதல் மார்ச் தொடக்கம் வரை. மழை முடிந்து தண்ணீர் வடிய வடிய, முழங்கால் ஆழத்தில்தான் பூநாரை மேயும். மழை கொட்டி ஏரி நிரம்பியிருக்கும் நவம்பரில் போனால் வெறும் தண்ணீரைத்தான் பார்க்கலாம். 8x42 இருநோக்கி (பைனாகுலர்) இல்லாவிட்டால் கூட்டம் தூரத்தில் இளஞ்சிவப்புக் கோடாகத்தான் தெரியும். போன் கேமராவை நம்பிப் போகாதீர்கள். கூழைக்கடா மட்டும் கொஞ்சம் பக்கத்தில் வரும். கூட்டமாகப் பறப்பதைப் பார்க்க ஆசைப்பட்டுக் கைதட்டிக் கலைப்பவர்களும் இருக்கிறார்கள். மேயும் பறவை ஒருமுறை கலைந்தால் அந்தத் திட்டுக்கு உடனே திரும்பாமல் போகலாம், அடுத்து வருபவருக்கும் இல்லாமல் போகும்.

சாப்பாடு பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. சின்ன மெஸ்கள் உண்டு, மீன் குழம்புச் சாப்பாடு பன்னிரண்டரைக்கு மேல் தயாராகும், அன்றைய மீன் என்ன என்று கேட்டுச் சொல்லுங்கள். தண்ணீரும் டிபனும் கையில் கொண்டுபோவது நல்லது. சுத்தமான கழிப்பறை கிடைப்பது கஷ்டம். பெண்களும் குழந்தைகளும் பொன்னேரியிலேயே முடித்துக்கொண்டு வருவதுதான் சரி.

கோயில் சேர்த்துப் பார்க்க நினைத்தால் வழியிலேயே இருக்கும் திருப்பாலைவனம் போதும், கூட்டம் இருக்காது. மீஞ்சூர் அருகே மேலூர் திருவுடையம்மனைத் திரும்பும்போது பார்க்கலாம். ஆனால் பௌர்ணமி வெள்ளியில் வேண்டாம், மேலூர், திருவொற்றியூர், வட திருமுல்லைவாயில் என்று ஒரே நாளில் மூன்று அம்மனையும் தரிசிப்பவர்கள் அன்று நிரம்பி வழிவார்கள். சிறுவாபுரி முருகனை இந்தப் பயணத்தோடு சேர்க்காதீர்கள், அது நெடுஞ்சாலைக்கு மேற்கே. செவ்வாய்க்கிழமை என்றால் அந்த ஒரு கோயிலுக்கே அரைநாள் போய்விடும்.

கடைசியாக மீன் வாங்குவது. காசிமேடு மீன்பிடித் துறைமுகம் பக்கத்தில் இருக்கிறவர்கள் இங்கே வந்து வஞ்சிரமும் வவ்வாலும் வாங்குவதில் அர்த்தமில்லை. இங்கே ஏரிச் சரக்குதான் வாங்க வேண்டும்: மடவை, கிழங்கான், இறால், சேற்று நண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலத்திலும் ஏரிச் சரக்கு வரும். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளில் மட்டும் கடலுக்குப் போகத் தடை இருப்பதால் வரத்து குறையும், விலை ஏறும்.

இறாலைக் கூறு கட்டி விற்பார்கள். மேலே பெரிசும் அடியில் பொடிசும் இருக்கும், கையை விட்டுக் கிளறிப் பாருங்கள். 'யக்கா, இது காலைல வந்ததா, நேத்து ஐஸா?' என்று நேராகக் கேட்டால் நேராகவே பதில் வரும். தலை கழுத்தோடு இறுக்கமாக ஒட்டியிருக்க வேண்டும், தலை கறுத்திருந்தால் பழசு. நண்டில் எடையை விடக் கெட்டிதான் முக்கியம். கவிழ்த்துப் பிடித்து, கால் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் ஓட்டைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். அமுங்கினால் இப்போதுதான் சட்டை உரித்த நண்டு, உள்ளே சதைக்குப் பதில் தண்ணீர். அமாவாசையை ஒட்டி வாங்கும் நண்டில் சதை கெட்டியாக இருக்கும், பௌர்ணமி நண்டு இளைத்திருக்கும் என்பது இங்குள்ளவர்கள் கணக்கு. கட்டியிருக்கும் ஈரக் கயிறு தடிமனாக இருந்தால் அதன் எடைக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறீர்கள், சொல்லிக் கழித்துக்கொள்ளுங்கள். வயிற்று மடலுக்கு வெளியே முட்டை தொங்கும் பெட்டை நண்டை வாங்காதீர்கள்.

சரக்கு காலையிலேயே தீரும், ஆனால் ஏழரைக்கு வாங்கி ஐஸ் இல்லாமல் வைத்திருந்தால் நீங்கள் ஊர் சுற்றுவதற்குள் கெட்டுவிடும். தெர்மோகோல் பெட்டி கொண்டுபோனால் மீன் எடைக்குச் சமமாக ஐஸ் போட்டு, அடியில் ஓட்டை போட்டு உருகிய தண்ணீரை வடியவிடுங்கள். அந்தத் தண்ணீரில் ஊறிய மீன்தான் வெளுத்துப்போய்க் குழைகிறது. உயிர் நண்டை அந்தப் பெட்டியில் போடக்கூடாது, வாளித் தண்ணீரிலும் விடக்கூடாது, இரண்டிலும் செத்துவிடும். ஏரித் தண்ணீரிலேயே நனைத்த சாக்கில் சுற்றி, காற்றுப் போகிற கூடையில், வெயில் படாமல் வையுங்கள். வீடு வரும்வரை உயிரோடு இருக்கும். வழியில் செத்துப்போன நண்டு எவ்வளவு பெரிசானாலும் சட்டிக்கு வேண்டாம்.